மூன்றடியில் பாறை

தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது இடுகாட்டிலிருந்து போன் வந்தது. குழி வெட்டுகிறவர்தான்.

"அம்மா, மூணடியில பாறை மாட்டிக்கிச்சு. கடப்பாரையைப் போட்டா பொறிதான் பறக்குது. யாராச்சும் ஒரு எட்டு வந்து பாத்துடுங்க."

மணி பத்தரை. மூன்று மணிக்கு எடுப்பதாக எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அவள் மிச்சமிருந்த ஒரு கையையும் தேய்த்து முடித்து, சட்டையைத் தம்பி மனைவியிடம் கொடுத்தாள்.

"இடுகாடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஏதோ கையெழுத்து வேணுமாம்."

"மாமனார் மாமியார் பக்கத்துலதானே அண்ணி இடம்?"

"அங்கதான்."

அதற்குமேல் நின்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டாள்.

முந்தின நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த தம்பி, அப்படியே போய்விட்டான். ஐம்பத்தாறு வயது. அரசாங்கத்தின் நிலத்தடி நீர் ஆய்வுத் துறையில் முப்பத்தொரு வருட உத்தியோகம். எந்த இடத்தில் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர், அந்தத் தண்ணீர் குடிக்க உதவுமா உதவாதா என்று எழுதிக்கொடுப்பதுதான் அவன் வேலை. சொந்தக்காரர்களுக்கு அவன் 'கல்லுமண்ணு'. யார் வீட்டுக்குப் போனாலும் கைகழுவுமுன் தோட்டத்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் இருக்கமாட்டான். ஊருக்கெல்லாம் பாறை பார்த்துச் சொன்னவனுக்கா இந்தச் சோதனை என்று நினைத்தபோது அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார் டிரில்லர். துறையில் துளை போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். தம்பியோடு இருபது வருடம் காடு மேடெல்லாம் அலைந்தவர். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தார்.

"ஜீப்புல மண்ணு தோண்டிப் பாக்கற கம்பி இருக்கு. வாங்கக்கா, பாத்துடலாம்."

இடுகாட்டில் அப்பா, அம்மா கல்லறைகளுக்குப் பக்கத்தில் குழி இடுப்பளவோடு நின்றுபோயிருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் பாறை தெரிந்தது. டிரில்லர் இறங்கி, சுத்தியலால் நான்கு இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"உருண்டைக் கல்லா இருந்தா பேத்துடலாம். இது தாய்ப்பாறைக்கா. அசையாது."

"அப்போ எங்க அப்பாம்மாவுக்கு மட்டும் எப்படி வெட்டுனாங்க?"

"பாறை கூரை மாதிரி சரிஞ்சு போகுது. அவங்க சரிவுல இருக்காங்க. இந்த இடம் மோட்டுல மாட்டிக்கிச்சு. நாலடி தள்ளினா கதையே வேற, ஆனா அங்கல்லாம் வேற கல்லறை."

குழி வெட்டுகிறவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "எதுக்கும்மா தலைவலி? கீழ்ப்பக்கம் போயிடலாம். மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒரு மணி நேரத்துல குழி ரெடி. உங்க வீட்டுக்காரருக்கும் அங்கதானே வெட்டுனேன்."

டிரில்லர் கம்பியில் ஒட்டியிருந்த பழைய மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

அவர் ஏன் பேசவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். கீழ்ப்பக்கத்தில் புதைக்கக் கூடாது என்று எழுதினவனே தம்பிதான். ஏழு வருடத்துக்கு முன்னால் அங்கே துளை போட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தடியிலேயே தண்ணீர் நிற்கிறது, அது மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவின் கைப்பம்புக்குத்தான் போய்ச் சேருகிறது என்று நகராட்சிக்கு அறிக்கை கொடுத்தான். ஒரு பலகை வைத்தார்கள். அடுத்த மழையில் பலகை சாய்ந்தது. ஜனங்களும் பழையபடி அங்கேயே புதைத்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் செத்த அன்றைக்குத் தம்பி வந்து காதோடு காதாகச் சொன்னான். "அக்கா, மாமாவுக்குக் கீழ்ப்பக்கம் வேண்டாம்."

"ஊரே அங்கதான்டா புதைக்குது. எழவு வீட்டுல வந்து உன் ரிப்போர்ட்டைப் படிக்காத."

அவன் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, மண்வெட்டி வாங்கி, எல்லோரும் போன பிறகும் மண் தள்ளினான். ஆறு மாதம் இருவரும் வெயில், மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

"அந்தத் தெருத் தண்ணி இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

டிரில்லர் கொஞ்சம் யோசித்தார். "சார் வருஷா வருஷம் லீவு நாள்ல வந்து ஒரு பாட்டில் பிடிச்சு லேப்ல குடுப்பார். ஆபீஸ் கணக்குல வராது. அவரா செஞ்சது. தண்ணியில கலக்கற அழுக்கு இன்னும் எல்லைக்குள்ளதான் இருக்கு."

"அப்போ பரவாயில்லைன்னு சொல்லுங்க."

"வருஷத்துக்கு வருஷம் ஏறுதுக்கா."

குழி வெட்டுகிறவர் சூரியனைப் பார்த்தார். "நேரமாவுதும்மா. ஒண்ணு சொல்லிடுங்க."

"கீழ்ப்பக்கம் வேண்டாம்," என்றாள் அக்கா. குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்தது. "மேல எங்கயாவது ஆறடி மண்ணு இருக்கான்னு பாருங்க."

திருகித் திருகி மண்ணை எடுக்கிற அந்தக் கம்பியை டிரில்லர் முதலில் வேப்பமரத்தடியில் இறக்கினார். நான்கடியில் நின்றது. நடைபாதை ஓரம் மூன்றரை. மூன்றாவது தடவை, கருவிகள் வைக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால், உதிர்ந்த சருகைக் குவிக்கிற இடத்தில், ஆறடிக் கம்பி கைப்பிடி வரைக்கும் போயிற்று. மேலே வந்த மண்ணைப் பழக்கதோஷத்தில் வரிசையாகக் குவித்து வைத்தார். செம்மண், அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை கலந்த பொடி. அக்கா குனிந்து கடைசிக் குவியலை ஒரு பிடி எடுத்துக் கசக்கினாள். கையில் ஈரம் ஒட்டவில்லை.

"இங்கயே வெட்டுங்க."

"குப்பை கொட்டற இடம்மா. யாரும் இங்க வேணும்னு கேக்க மாட்டாங்க," என்றார் குழி வெட்டுகிறவர்.

"நான் கேக்கறேன்ல."

வீட்டுக்குத் திரும்பியபோது தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். அக்கா தம்பி மனைவியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். பூசி மெழுகாமல் சொன்னாள். பாறை, கீழ்ப்பக்கம், கொட்டகை எல்லாவற்றையும். கையெழுத்து என்று சொன்னது பொய் என்பதையும்.

தம்பி மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி."

"கேட்டிருக்கலாம். தப்புதான்."

"தனியா இருக்குமா அந்த இடம்?"

"தனியாத்தான் இருக்கும்."

"ஈரம்?"

"இல்லை. ஆறடிக்கும் காய்ஞ்ச மண்ணு. கையில எடுத்துப் பாத்தேன்."

தம்பி மனைவி தலையை ஆட்டினாள். பிறகு குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மூன்று மணிக்குச் சொன்னது மூன்றேமுக்கால் ஆயிற்று. சருகுக் குவியலை யாரோ தள்ளிப் பெருக்கியிருந்தார்கள். துறையிலிருந்து வந்த பெரிய அதிகாரி, ஏன் இவ்வளவு மூலையில் என்று மெதுவாகக் கேட்க, டிரில்லர் அவர் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி கீழ்ப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண் தள்ளும்போது அக்காவும் மண்வெட்டி கேட்டாள். முதலில் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். நாலு வெட்டுக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் கொடுத்தாள்.

வண்டிகளெல்லாம் கீழ் வாசலில் நின்றன. அக்காவும் தம்பி மனைவியும் கடைசியாக இறங்கி வந்தார்கள். பாதி வழியில் தம்பி மனைவி அவள் முழங்கையைத் தொட்டாள்.

"அண்ணனைப் பாத்துட்டுப் போலாம்."

மதிலை ஒட்டி இரண்டாவது வரிசை. அக்கா புருஷனுடைய கல் கொஞ்சம் ஒருபக்கமாக இறங்கியிருந்தது. அக்கா அதன்மேல் கிடந்த ஒரு காகிதக் கப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ கைப்பம்பு அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்த வாளி நிரம்பியதும் அதை இழுத்து வைத்துவிட்டு, இன்னொரு வாளியைக் கீழே வைத்தார்கள்.