பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

நான் ரகசியம் காக்கத் தெரியாதவள் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். என் எடை என்னவென்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அடுத்தவர் சங்கதி காதில் விழுந்தால் மட்டும் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல இருக்கும், வெளியே வந்தால்தான் மூச்சு வரும். சின்ன வயதிலேயே அண்ணன் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டான். எனக்கு நாற்பத்து நாலு வயதாகிறது, இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

பிழைப்புக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முன்னால் நின்று விற்பவர்கள் சிரித்தாக வேண்டும். பின்னால் பட்டறையில் இருக்கும் எனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி அறுத்து, விளிம்பு தேய்த்து, பொருத்திக் கொடுப்பேன். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று சீட்டில் எழுதியிருக்கும். அதில் நாலைந்து தப்பினால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி, எனக்கு வசவு. அதனால் எதையும் விவரமாகக் கேட்டு, விவரமாகச் சொல்லியே எனக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவேன். மற்ற ஆறு நாளும் சபை என் போனுக்கு வந்துவிடும். விடியற்கால ஜெபக் குழு என்று வாட்ஸ்அப்பில் ஒன்று நடத்துகிறோம். நூற்றுப் பன்னிரண்டு பேர். விடியற்காலையில் அதில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை, அது வேறு விஷயம். நான்தான் அட்மின். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று குறிப்பு வந்தால் அதை ஒழுங்காக எழுதிப் போடுவது என் பொறுப்பு. 'ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்' என்று மொட்டையாகப் போடுவது எனக்குப் பிடிக்காது. பவர் எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு லென்ஸ் அறுக்க முடியுமா?

குழுவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். செய்தி வந்த நொடியே ஆமென் போட்டுவிடுவார், படிப்பதெல்லாம் பிறகுதான். ஒருமுறை யாரோ தண்ணீர்த் தொட்டி கழுவும் ஆளின் நம்பரைத் தவறுதலாகக் குழுவில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பதினாலு ஆமென் விழுந்தது. முதல் ஆமென் அவருடையது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு அண்ணன் கடைக்கு வந்தான். கண்ணாடியில் திருகு லூசாகிவிட்டது என்று கழற்றிக் கொடுத்தான். பார்த்தேன். லூசாக ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவன் குளிர்பதனக் கிடங்கில் இருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அங்கே மேற்பார்வையாளர். கோடைகாலத்திலும் கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போகிறவன் எங்கள் ஊரிலேயே அவன் ஒருத்தன்தான்.

"வேலை போயிடுச்சு" என்றான்.

"எப்ப?"

"போன வாரம். கிடங்கையே மூடிட்டாங்க."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இல்ல. பெரிய பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது. இப்ப சொன்னா உன் அண்ணி மூஞ்சியைப் பார்த்தே பிள்ளை கண்டுபிடிச்சிடும். இருபத்திரண்டாம் தேதி பரீட்சை முடியுது, அன்னிக்கு நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் உனக்குள்ளயே இருக்கட்டும். ரேடியோ, இது ஒலிபரப்புக்கு இல்ல."

சத்தியம் பண்ணக் கூடாது என்று போதகர் சொல்லியிருக்கிறார், அதனால் தலையை மட்டும் பலமாக ஆட்டினேன். இறுக்கமாகவே இருந்த திருகை இன்னொரு சுற்று இறுக்கிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவு வரை போனவன் திரும்பினான்.

"எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோ."

"இதைக் கேக்கவே வேணாம்" என்றேன்.

கேட்டுவிட்டுப் போனானே, எப்படிச் சும்மா இருப்பது? சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினேன். 'பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரனுக்காக ஜெபிப்போம். பதினெட்டு ஆண்டுகள் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். திடீரென்று கிடங்கை மூடியதால் வேலை போய்விட்டது. மனைவிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் இன்னும் தெரியாது. மூத்த மகளுக்குப் பரீட்சை நடக்கிறது. கர்த்தர் புதிய வழியைத் திறக்கும்படியாக.'

எங்கள் சபையில் குளிர்பதனக் கிடங்கு மேற்பார்வையாளர்கள் எத்தனை பேர்? ஒருத்தன். இது எனக்கு உறைக்கவில்லை. பெயரைத்தான் போடவில்லையே, அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். டீ நேரத்துக்குள் அறுபத்து மூன்று ஆமென் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நன்றி போட்டேன். மனசு லேசாகிவிட்டது. அன்று சாயங்காலம் அறுத்த லென்ஸ்கள் எல்லாம் ஒரே தடவையில் கச்சிதமாக உட்கார்ந்தன.

அண்ணன் குழுவில் இல்லை, அண்ணியும் இல்லை. போனில் ஜெபம் பண்ணினால் சார்ஜ்தான் இறங்கும், விசுவாசம் ஏறாது என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கூடத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி இரண்டு பிள்ளைகளோடும் பிஸ்கட் மேசைப் பக்கம் நின்றாள். எங்கள் சபையில் மணிக்கணக்கில் முட்டிக்கால் போட்டு ஜெபிக்கிற ஒரு வயதான அம்மா உண்டு. முட்டிக்கால் அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் நேராகப் போய் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் எப்போதும் ஓங்கித்தான் இருக்கும்.

"கலங்காதேம்மா. கிடங்கு மூடினா மூடிட்டுப் போகுது. உன் வீட்டுக்காரருக்குக் கர்த்தர் வேற வேலை வச்சிருக்கார். நாங்க எல்லாரும் ஜெபிச்சிட்டுத்தான் இருக்கோம்."

"எந்தக் கிடங்கு?" என்றாள் அண்ணி.

முட்டிக்கால் அம்மா ஐயையோ என்று கையை விட்டார். பெரியவள் கையில் பிஸ்கட்டோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. அண்ணன் பத்தடி தூரத்தில் டீ கப்போடு நின்றுகொண்டிருந்தான். அவன் அண்ணியைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

அன்றைக்கு அவன் என்னோடு பேசவில்லை. திங்கள் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. செவ்வாய், புதன், எடுக்கவில்லை. கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். அம்மா அப்பா போன பிறகு என்னைத் திட்டுவதற்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். அவனும் பேசாவிட்டால் நான் எங்கே போவேன்?

வியாழக்கிழமை ஒரு யோசனை வந்தது. குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 'நான் ஒரு சகோதரனுடைய ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டேன். என் நாவைக் கர்த்தர் காக்கும்படி ஜெபியுங்கள்.' தலைமையாசிரியர் உடனே ஆமென் போட்டார். அதன் பிறகு மளமளவென்று வந்தன. 'சகோதரியின் தாழ்மை எங்களுக்கெல்லாம் பாடம்' என்றார் ஒருவர். அடுத்த வாரம் இதையே சபையில் சாட்சியாகச் சொல்ல முடியுமா என்று போதகரே தனியாகக் கேட்டு எழுதினார். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் குளிர்ந்து போய்விட்டேன். என்ன புடவை கட்டுவது என்றுகூட யோசித்தேன். அப்புறம்தான், அண்ணன் ரகசியத்தைப் போட்டு உடைத்த கதையைச் சொல்லி நான் கைதட்டு வாங்கப் போகிறேனா என்று உறைத்தது. முடியாது என்று எழுதிவிட்டு அண்ணிக்குப் போன் பண்ணினேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உன்மேல எனக்குப் பெருசா கோபம் இல்ல" என்றாள் அண்ணி. "உன் வாய் ஊருக்கே தெரிஞ்சதுதானே. அவர் உன்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லலையே, அதுதான் ஆறல."

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணி…"

"தெரியும். நல்லதுக்குத்தான் ரெண்டு வாரம் வெறும் ஊரைச் சுத்திட்டு வந்தாரா? நான் வேற தினமும் டிபன் கட்டிக் குடுத்திருக்கேன்."

"பெரியவ எப்படி இருக்கா?"

"எழுதிட்டு வந்தா. நல்லா எழுதலைங்கிறா."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அவரைப் பார்க்கணும்னா லைப்ரரிக்குப் போ" என்றாள் அண்ணி. "எல்லாம் தெரிஞ்ச பிறகும் காலையில அங்கதான் போய் உக்கார்றார். ஆனா அங்க சத்தம் போட்டுப் பேசக் கூடாது. உனக்குத்தான் கஷ்டம்."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசிப்பறையில் நீள மேசை, பேப்பர் படிக்கிற பத்துப் பன்னிரண்டு ஆண்கள். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப்பேர் என் அண்ணன் மாதிரி. அவன் கடைசி நாற்காலியில் இருந்தான். கம்பளிச் சட்டை இல்லாமல் பார்த்தபோது இளைத்தது போலத் தெரிந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்தேன். அது கிறீச்சிட்டது. நூலகர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணா, மன்னிச்சிடு."

"மெதுவா."

"மன்னிச்சிடு அண்ணா" என்றேன், குரலை அடக்கி. "பேரு போடல, அதனால தெரியாதுன்னு நினைச்சிட்டேன். புத்தி கெட்டுப் போச்சு. உனக்கு நல்லது நடக்கணும்னுதான் போட்டேன். அறுபத்து மூணு பேர்…"

"அறுபத்து மூணு பேரை விடு." பேப்பரை மடித்து வைத்தான். "நீ பண்ணினியா?"

"என்ன?"

"ஜெபம்."

"குழுவில போட்டேனே, எல்லாரும்…"

"எல்லாரையும் விடு. நீ. உக்காந்து, கண்ணை மூடி, எனக்காக. ஒரு தடவையாவது பண்ணினியா?"

யோசித்துப் பார்த்தேன். குறிப்பு எழுதினேன். இரண்டு தடவை திருத்தினேன். வந்த ஆமென்களைப் படித்தேன், எல்லோருக்கும் நன்றி போட்டேன். சாப்பிட்டேன், லென்ஸ் அறுத்தேன், வீட்டுக்குப் போனேன். அப்புறம் இந்தக் கலாட்டா வந்தது. அதிலும் எனக்காகத்தான் அழுதேனே தவிர, அவனுக்காக ஒரு வார்த்தை ஆண்டவரிடம் பேசவில்லை.

"இல்ல" என்றேன்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கு வரல, ரேடியோ. வேலை போன அன்னிலேருந்து வாயைத் திறந்தா ஒண்ணும் வரல. கண்ணை மூடினா கிடங்குக் கதவுதான் தெரியுது. நமக்குத்தான் வரல, நீயாவது எனக்குப் பதிலா பண்ணுவேன்னு நினைச்சேன். உன்கிட்ட வந்தது அதுக்குத்தான். திருகுக்கு இல்ல."

எனக்கு அழுகை பீறிட்டது. நூலகர் அம்மா பென்சிலால் மேசையைத் தட்டினார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அண்ணன் அதைப் பார்த்து லேசாகச் சிரித்தான். இரண்டு வாரத்தில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒரு இடத்துல வரச் சொல்லியிருக்காங்க" என்றான்.

"எங்க? என்ன வேலை?"

"அதைச் சொல்ல மாட்டேன். ஆண்டவருக்கு விலாசம் தெரியும்."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். தொண்டையில் சிக்கியது சிக்கியபடியே இருந்தது. முட்டிக்கால் அம்மா என்னைத் தேடி வந்து, "அண்ணன் காரியம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். "தெரியலைம்மா" என்றேன். அதில் பாதி உண்மை.

திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தேய்க்கிற மெஷினை நிறுத்தினேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு பக்கமும் ஃபிரேம் பெட்டிகள், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம். சபையில் ஜெபிக்கச் சொன்னால் நிறுத்துவதற்குள் டீ ஆறிப்போகிற அளவுக்குப் பேசுகிறவள் நான். அங்கே நின்றபோது ஒரு வாக்கியமும் வரவில்லை. எந்தக் கம்பெனி தெரியாது, என்ன வேலை தெரியாது, யார் கேள்வி கேட்கிறார்கள் என்று தெரியாது. சொல்ல என்னிடம் ஒரு விவரமும் இல்லை.

வெளியே மேசைமேல் போன் அதிர்ந்தது. இன்னொரு தடவை அதிர்ந்தது. நான் போகவில்லை.

"அண்ணன்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. அதையே மறுபடியும் சொன்னேன். கடிகாரத்தில் பத்தே கால் ஆகும்வரை அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆமென் சொல்ல அங்கே யாரும் இல்லை. நானே சொல்லிக்கொண்டேன்.