அரைமண்டியும் முழு மண்டியும்

"இன்னா பண்ணிக்கினு இருக்க, செவுத்தப் பாத்து?"

"அரைமண்டிங்க."

"அரை மண்டிக்கே இப்பிடி மூச்சு வாங்குதா? நாங்க முழு மண்டியே நடத்தறோம்."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு. நாட்டியத்தில் முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் நிலையை நான் சொன்னேன். சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டி வைத்திருக்கும் என் கணவர் அன்புச்செல்வன் தன் கடையைச் சொன்னார். அவருக்கு வாய்த்த ஒரே நகைச்சுவை அதுதான். ஏழு வருடமாக, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் அதைத்தான் பரிமாறுகிறார். நான் மேடையில் ஆடி அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. 'வாங்க' என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. கூப்பிட்டால் அதற்கும் மண்டிதான் பதிலாக வரும்.

போன வருடம் முழங்கால் சில்லைச் சுற்றி வலி வந்தது. படி இறங்கினால் வலி. சேலம் வரை பஸ்ஸில் உட்கார்ந்து போனால் வலி.

"மூட்ட தூக்கறவனுக்கே வலிக்கல" என்றார், ஒரு மூட்டையையும் தூக்கியறியாதவர்.

கள்ளக்குறிச்சியில் பிசியோதெரபிஸ்ட் நிர்மலா என்னைக் கண்ணாடி முன் அரைமண்டியில் நிற்கச் சொன்னார். "பாதம் பக்கவாட்டுல பாக்குது, முட்டி முன்னால பாக்குது. இடுப்பு திரும்பற அளவுக்குத்தான் பாதத்தத் திருப்பணும். ஆட்டத்த நிறுத்த வேணாம். கொஞ்ச நாள் அரைமண்டியில கம்மியா உக்காருங்க. தொடையும் இடுப்பும் பலமாவட்டும்."

நிர்மலா சொன்னபடி ரப்பர் பட்டையை முழங்காலுக்கு மேல் மாட்டி, ஒருக்களித்துப் படுத்து, தினமும் காலைத் தூக்கினேன்.

"படுத்துக்கினு கால தூக்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கொரு டாக்டரு" என்று சொல்லிவிட்டு அவர் மண்டிக்குப் போனார்.

மூன்று மாதத்தில் நான் வலியில்லாமல் படி இறங்கினேன்.

நேற்றுக் காலை அவர் மாடியிலிருந்து நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"இன்னா பாக்கற? படி சரியில்ல."

"நீங்க நின்னு கட்டுன படிதாங்க."

அடுத்த படியில் கால் வைத்தார். முகம் கோணியது.

கூடத்தில் பாயை விரித்துப் படுக்க வைத்து, பட்டையை மாட்டி, பத்து எண்ணச் சொன்னேன். நாலில் முனகினார். ஆறில் முருகனைக் கூப்பிட்டார்.

"முழு மண்டிக்கு இவ்ளோதானா?"

ஏழில் காலைத் தொப்பென்று போட்டார். வாயில் ஜோக்கும் இல்லை, எழுந்து ஓடக் காலும் இல்லை. இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது.

"ஞாயித்துக்கெழம திருக்கோவிலூர்ல ஆடறேங்க" என்றேன். "முன் வரிசையில உக்காந்து, ஒருதரம் முழுசா பாருங்க."