எந்த ஜார்ஜ்

எல்ஸ்பெத் வயலினைத் தோளில் வைத்து வில்லை உயர்த்தியபோது, துறைமுகக் கண்காணிப்பாளர் வாட்டி உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. எங்கள் மீனவர் மன்றத்துக்குள் யாரும் தொப்பியோடு வருவதில்லை. வில் அப்படியே நின்றது.

“மார்னிங் ஹோப் படகுலேர்ந்து ஒரு ஆளு கடல்ல விழுந்துட்டான்,” என்றார். “ஹெலிகாப்டர் தூக்கிடுச்சு. அபர்டீன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. நெலமை மோசமாம்.”

“யாரு?”

“ஜார்ஜ் ஃப்ளெட்.”

முன்வரிசையில் நெட்டி எழுந்தாள். மேடையில் எல்ஸ்பெத் வயலினை இறக்கினாள். நெட்டியின் கணவன் பெயர் ஜார்ஜ் ஃப்ளெட். எல்ஸ்பெத்தின் அண்ணன் பெயரும் ஜார்ஜ் ஃப்ளெட். இருவரும் அந்தப் படகில்தான் போயிருந்தார்கள்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் ஃப்ளெட்தான். பட்டப்பெயர் எழுதாவிட்டால் கடிதம்கூட வீடு சேராது. எல்ஸ்பெத்தின் அண்ணன் ‘டோசி’ ஜார்ஜ். நெட்டியின் கணவன் ‘கேரட்’ ஜார்ஜ். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் செம்பட்டைத் தலைக்கு வைத்த பெயர் அது. இவனுக்கோ கறுப்பு முடி. யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

பதினோரு வருடங்களாக நான் கிதாரும் எல்ஸ்பெத் வயலினுமாக ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறோம். மூன்று இசைத்தொகுப்புகள் வந்திருந்தன. இப்போது அவளுடைய இரண்டாவது கவிதைப் புத்தகம். அதில் நீளமான கவிதை எங்கள் பட்டப்பெயர்களைப் பற்றியது. அச்சுக்குப் போகும் முன் கேரட் ஜார்ஜ் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். “கிளாஸ்கோக்காரன் படிச்சுச் சிரிக்க எங்க தாத்தா தலைதான் கெடைச்சுதா?” எல்ஸ்பெத் அந்த வரியில் வெறும் ‘ஜார்ஜ் ஃப்ளெட்’ என்று மாற்றினாள். பாடும்போது அங்கே மட்டும் தாளம் இடறும். இன்று புத்தக வெளியீட்டில் ஊருக்கு முன்னால் அதைத்தான் பாடவிருந்தோம்.

“எந்த ஜார்ஜ்னு கேளுங்க வாட்டி,” என்றாள் நெட்டி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

வாட்டி கடலோரக் காவல் நிலையத்துக்கு போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். படகு கைபேசிக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதன் ரேடியோவும் பதில் சொல்லவில்லை.

“எந்த ஜார்ஜா? ஜார்ஜ் ஃப்ளெட்தாங்க,” என்றான் அதிகாரி. தெற்கத்திப் பேச்சு; எங்கள் பட்டப்பெயர் வழக்கம் தெரியாதவன். “படகுல குடுத்த பேரு அதான்.”

“அந்தப் படகுல அந்தப் பேருல ரெண்டு பேரு இருக்காங்க தம்பி.”

“வயசு முப்பத்தெட்டு.”

“ரெண்டு பேருக்கும் முப்பத்தெட்டுதான்.”

“முடி கறுப்பு.”

“ரெண்டு பேருக்கும் கறுப்புதான்யா,” என்றார் வாட்டி. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

“இருங்க, கேட்டுச் சொல்றேன்.”

காத்திருந்தோம். தேநீர்ப் பாத்திரம் கொதித்து மூடி தடதடத்தது. யாரும் போய் அணைக்கவில்லை. எல்ஸ்பெத் மேடையிலிருந்து இறங்கி நெட்டியின் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. என்ன வேண்டிக்கொள்ள முடியும்? ஒருத்தி கேட்பது கிடைத்தால் மற்றவளுக்கு அது இடி.

“ஹலோ? அவருக்கு முழு நினைவில்ல. பேரு கேட்டா ஒளர்றாராம். பசிக்குதோ என்னவோ.”

“என்ன சொல்றான்?” என்றார் வாட்டி.

“கேரட், கேரட்னு அதையே சொல்லிட்டிருக்காராம்.”

மன்றத்தில் ஒரு நாற்காலி முனகியது. எல்ஸ்பெத் மேசையைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். அழுகையையல்ல, நிம்மதியை மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நெட்டி மேலங்கியை எடுத்தாள். “வீட்டுக்குச் சரியான சேதி போகணுமேன்னு அந்தப் பேரைச் சொல்லியிருக்கான்,” என்றாள். பொத்தான் போடாமலே புறப்பட்டாள். எல்ஸ்பெத் குனிந்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.

“நெட்டி, நானும் வரட்டுமா?”

“வேணாம். நீ பாடு. அந்தப் பேரை வெச்சே பாடு.” கதவருகில் திரும்பினாள். “வந்து உன்னைத் திட்டட்டும்டி. திட்டுறதுக்காவது வரட்டும்.”

வாட்டி அவளைக் காருக்கு அழைத்துப் போனார். எல்ஸ்பெத் மேடையேறி வயலினைத் தோளில் வைத்தாள். அவள் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. படகு கரையை நெருங்கியிருக்க வேண்டும். வெளியே எடுத்துப் பார்த்தாள்; திரையில் அண்ணன் பெயர். ஜன்னலில் தெரிந்த கார் வளைவில் மறையும்வரை அவள் அழைப்பை ஏற்கவில்லை.