வலது இருக்கை

இருந்தவர்கள் மூன்று பேர்தான், விமானத்துக்குள் நானும் என் பயிற்சியாளன் கிப்லகாட்டும், கீழே ரேடியோ கொட்டகையில் ஒகெலோ, வேறு யாரும் இல்லை, இதை ஏன் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன்... ஓடுபாதையில் மறுபடி வரிக்குதிரைகள். ஒருமுறை தாழப் பறந்து விரட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும், இங்கே எல்லோரும் அப்படித்தான், இளவயதில் எனக்குப் பறக்கக் கற்றுத்தந்த முசெம்பியும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தான், அப்படித் தாழப் பறந்த ஒரு காலையில்தான் மேலே ஏறாமல் வேலமரங்களுக்குள் போய் எரிந்தான். அன்று எனக்கு மலேரியா. இல்லாவிட்டால் எப்போதும் போல வலது இருக்கையில் அவனும் பக்கத்தில் நானும் இருந்திருப்போம். பிறகு கல்யாணம், மச்சாகோஸ் நகரத்தில் மருந்துக்கடை, பிள்ளைகள், விமானச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுகிற பழக்கம்... இத்தனை வயதில் ஏன் திரும்பி வந்தேன்? தெரியாது. இன்று என்னைத் தனியாகப் பறக்க விடாவிட்டால் இனி வரமாட்டேன் என்று கிப்லகாட்டிடம் சொல்லியிருக்கிறேன். மிரட்டல் இல்லை. இன்னொரு முறை தைரியம் வராது, அவ்வளவுதான்.

தாழப் பறக்கிறேன் என்று ரேடியோவில் சொன்னேன், சொன்ன பிறகுதான் உறைத்தது, நான் சொன்ன அழைப்பெழுத்துகள் இந்த விமானத்துடையவை அல்ல, முசெம்பியோடு எரிந்துபோன விமானத்தின் எழுத்துகள். நாக்கு எங்கே வைத்திருந்தது அவற்றை? ஒகெலோ, "மும்புவாக்கா, அந்த வண்டி செத்து எத்தனையோ வருஷமாச்சு. தூங்கிக்கிட்டா ஓட்டுறீங்க?" என்றான். கிப்லகாட் சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும். வரிக்குதிரைகள் சிதறி ஓடின, மேலே ஏற எஞ்சின் விசையை முழுக்கத் தள்ளினேன், விமானத்தின் மூக்கு இடது பக்கம் இழுத்தது, வலது காலை அழுத்து, வலது காலை... என் கால் அழுத்துவதற்கு முன்பே வலது மிதி உள்ளே போயிருந்தது, மெதுவாக, பழகிய காலின் அழுத்தம். கிப்லகாட்டின் பக்கம் திரும்பினேன். கால்களைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். நீயா அழுத்தினாய் என்று கேட்டேன். தான் எதையுமே தொடவில்லை என்றான், தன் மூஞ்சியை விட்டுவிட்டு முன்னால் பார்க்கச் சொன்னான்.

இறங்கினேன். யார் இறக்கியது என்று கேட்டால்... நான்தான், என் கைதானே பிடித்திருந்தது. ஓடுபாதையின் முனையில் நிறுத்தச் சொன்னான், எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றான். தன் இருக்கை வார்ப்பட்டையை அவிழ்த்தான்.

"ஒரே ஒரு சுத்து. பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்கக்கா, நான் ஏறி உக்காந்துக்கறேன். அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல."

பயமில்லை என்றேன். அவன் இறங்கினான். நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு, அது இறங்கினால் இந்தச் சின்ன விமானம் படகு மாதிரி அந்தப் பக்கம் எழும்பும், எப்போதும் எழும்பும். காத்திருந்தேன். எழும்பவில்லை. வலது இறக்கை தாழ்ந்தே நின்றது, காலி இருக்கையில் கடலைத் தொலி மட்டும் கிடந்தது. சொல்லலாமா? சொன்னால் திரும்ப ஏறிக்கொள்வான், இன்றோடு முடிந்தது... நான் சொல்லப் போவதில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து கைப்பிடியைத் திருப்பிப் பூட்டினான்.