வில்மாவுக்கு வாங்கிய பொன்னாடை

வில்மா ஹாஸ்கெட் என்றால் அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. கென்டக்கிக்காரி. தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, ஒரு கிட்டாரோடு நின்று பாடுகிறவர். பாதி வாழ்க்கையை வண்டியிலும் மலிவு விடுதிகளிலும் கழித்தவர். அவருடைய ஊரில் மதுக்கடைச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பாட வேண்டும். நோர்வேயில் மட்டும் மண்டபம் நிறையும். சனம் இருமுவதற்குக்கூட யோசிக்கும்.

அவர் இங்கே வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று இரண்டாவது கிட்டார் வாசித்தவன் நான், ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் பஸ் ஓட்டும் றெஜினோல்ட். மேடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். போன வருடம் துரொண்ட்ஹெய்ம் நகரக் கச்சேரிக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. தேவாலயத்தில் மாண்டலின் வாசித்துப் பாடும் என் கூட்டாளி ஸ்ரனிஸ்லாஸை நானே அனுப்பினேன். புத்திகெட்ட வேலை. போனவன் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டான். வில்மாவின் புது இசைத்தட்டில் அவன் சேர்ந்து எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் அவன் பெயரும் போட்டிருக்கிறது. என் பெயர் நன்றி சொல்லும் பொடி எழுத்தில்கூட வந்ததில்லை.

இந்த ஞாயிறு மத்தியானம் ஒஸ்லோவில் கச்சேரி. என்னைக் கூப்பிடவில்லை. நான் தமிழ்க் கடையில் சரிகை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கினேன்.

"அந்த மனுசிக்கு அது என்னெண்டே விளங்காது," என்றாள் என் மனைவி ஜெனிதா.

"விளங்காட்டிப் பரவாயில்லை. அவவின்ரை உண்மையான ஆள் ஆரெண்டு சனத்துக்கு விளங்கட்டும்."

"ஸ்ரனிஸ் அண்ணையிலை எரிச்சல் எண்டு நேரா சொல்லுங்கோவன்."

எரிச்சல்தான். மண்டபத்தில் உட்கார்ந்து, எங்கேயாவது சுருதி விலகுவானா என்று காத்திருந்தேன். விலகவில்லை. அவர்கள் சேர்ந்து எழுதிய பாட்டில் இரண்டு குரலும் ஒன்றாக ஏறியபோது பக்கத்து நோர்வேக்காரி கண்ணைத் துடைத்தாள். நன்றாகத்தான் பாடினான், நாசமாய்ப் போவான்.

கைதட்டல் ஓய்வதற்குள் மேடையில் ஏறிவிட்டேன். நம் விழாக்களில் யாரும் ஏறலாம். இங்கே அப்படி ஒருவரும் ஏறுவதில்லை. பொன்னாடையை விரித்து, "பெரிய கலைஞர்களுக்கு நாங்கள் இதைப் போர்த்துவது வழக்கம்," என்று ஆங்கிலத்தில் ஒலிவாங்கியில் சொன்னேன்.

வில்மாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் தன் தோளைத் தரவில்லை. என் கையைப் பிடித்து ஸ்ரனிஸ்லாஸ் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பாடகனை எனக்குத் தந்தவர் இவர்தான்," என்றார் சனத்திடம். "தன் இடத்தையே கொடுத்தார். இன்றைக்கு நண்பனைக் கௌரவிக்கவும் வந்திருக்கிறார்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. இல்லை, இது உங்களுக்கு என்று எப்படிச் சொல்வது? சிரித்த முகத்தோடு, என் கையாலேயே அவனுக்குப் போர்த்தினேன்.

அவன் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தான். "மச்சான், நீ கோவமா இருக்கிறாய் எண்டெல்லோ நான் நினைச்சனான்," என்று காதுக்குள் சொன்னான். "அடுத்த முறை நீயும் வா. நான் அவவோடை கதைச்சுப்போட்டன். உனக்கும் ஒரு இடம் தருவா."

எனக்கு இடம். இவன் கதைத்து வாங்கித் தருகிறான். நான் நின்ற அதே மேடையில்.

வேண்டாம் என்று அவன் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம்," என்றேன். "என்ன திகதி?"