மெதுவா குடிங்க

பெட்ரோல் ஒழுகாமல் இருக்க டேங்கின் அடியிலுள்ள டேப்பை மூடிவிட்டுத்தான் பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றினேன். என் சாப்பாட்டுத் தட்டில் திருகுகளைப் பரப்பி, பழைய டூத்பிரஷால் அழுக்கைத் தேய்த்து, பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித்துளையில் வெளிச்சம் தெரியும்வரை ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். மாட்டி உதைத்தால் வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி கழற்றி, மாட்டி, உதைத்தேன். ம்ஹூம்.

மனைவியின் தம்பி நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தான். "மாமா, பேசாம மெக்கானிக்கக் கூப்பிடுவோம். உங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

"வாய மூடுடா!" வேலை போன இந்த நாலு மாதமாக எவன் புத்தி சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மனைவி தண்ணீரோடு வந்தாள். தம்பிக்கும் வண்டிக்கும் நடுவே நின்று, ஒரு கையை டேங்கின் அடிப்பக்கம் வைத்தபடி டம்ளரை நீட்டினாள். "முதல்ல இதைக் குடிங்க. மெதுவா. அப்புறம் உதைங்க."

குடித்துவிட்டு உதைத்தேன். ஒரே உதை, வண்டி உறுமியது.

"இப்ப என்னடா சொல்ற?" என்று மச்சானிடம் மீசையை முறுக்கினேன்.

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மூடிய டேப்பை நான் திறக்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். திறந்திருந்தது.

சமையலறையில் அவள் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எதுக்குடி தண்ணி குடுத்த?"

அவள் திரும்பவில்லை. "பெட்ரோல் இறங்க நேரம் வேணாமா? நீங்க குடிக்கிற நேரத்துல அதுவும் கொஞ்சம் குடிக்கட்டும்னுதான்."