கண்ணாயிரம் கடையின் சாய்ந்த எழுத்து

காயத்ரி வரைந்த எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்தவை. மூங்கில் பேனாவால் பலமுறை எழுதிப் பார்த்து, கணினியில் எழுத்துருவாக்கியிருந்தாள். ழகரத்தின் வால் இறங்கிச் சுழன்று, மயிரிழையாக மெலிந்து முடியும். பெயர்ப்பலகைக்கும் பெரிய தலைப்புக்கும் ஆனது. சிறிதாக்கினால் அந்த இழைகள் அறுந்துபோகும். தறிக்காரர் வீட்டுப் பெண்; குறுக்கே ஓடும் நூலின் பெயரையே அதற்கும் வைத்தாள்: ஊடை.

காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் கண்ணாயிரம், கட்சியிலும் பொறுப்பில் இருப்பவர். மாதிரியை வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அடுத்த மாதம் அவர் கடை நெற்றியில் 'லோகாம்பாள் பட்டு மாளிகை' அதே எழுத்தில் சாய்ந்து நின்றது. பை, அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் அதுவே.

காயத்ரி நேரே கடைக்குப் போனாள்.

"வரைஞ்சது நான் சார். ஓரமா என் பேர் போடுங்க."

"அ, ஆ எல்லாம் உங்க வூட்டு சொத்தாமா? எழுத்து ஊர் சொத்து. இன்னிக்கு எழுத்துக்குப் பேர் கேப்ப, நாளைக்குப் புள்ளிக்குத் தனியா கேப்ப."

சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சரிங்க சார். ஊர் சொத்தாவே இருக்கட்டும்."

அன்றே எழுத்துரு முழுவதையும் இணையத்தில் ஏற்றினாள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் டேனியலிடம் அவளே போய்ச் சொன்னாள்.

முதலில் ஒரு பிரியாணிக் கடை. பிறகு அருளின் கறிக்கடை, ஆட்டோக்களின் முதுகு, சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவைக்குப் போட்ட மோர்ப்பந்தல். ஒவ்வொன்றிலும் பெரிதாகவே 'எழுத்து: காயத்ரி'. கடைசியாக யாரோ இறந்துபோக, கண்ணாயிரம் கடைக்கு நேரெதிரே 'கண்ணீர் அஞ்சலி' அதே எழுத்தில் சாய்ந்து நின்றது. கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பம் ஒன்று இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த கடைப் படி ஏறியது.

கண்ணாயிரம் டேனியல் கடைக்கு வந்தபோது காயத்ரியும் அங்கே இருந்தாள்.

"ஏம்மா, எங்க கடை எழுத்துல சாவு போர்டு வெச்சிக்கினு இருக்கானுங்க!"

"உங்க கடை எழுத்தா? ஊர் எழுத்துன்னீங்களே சார். ஊர்ல சாவும்தான் நடக்குது."

"கறிக்கடை அருள் இன்னொண்ணு சொல்லியிருக்காரு சார். தலைக்கறிக்குத் தனி போர்டாம்" என்றார் டேனியல்.

கண்ணாயிரம் குரலைத் தணித்தார். "தபாரும்மா, நெட்லருந்து எடுத்துடு. வேற எவனும் போடக் கூடாது. போர்டு மூலையில சின்னதா உன் பேரைப் போட்டுடறேன். அதானே கேட்ட?"

அதைத்தான் கேட்டிருந்தாள். சுவரில் காய்ந்துகொண்டிருந்த ஆட்டோ ஸ்டிக்கர்களை ஒருமுறை பார்த்தாள்.

"எடுக்க மாட்டேன் சார். எல்லாரும் போட்டுக்கினுதான் இருப்பாங்க. என் பேர் இல்லாம நிக்கிறது உங்க போர்டு ஒண்ணுதான். அதுவும் சின்னதா போட முடியாது, கோடு அறுந்துடும். பெருசாத்தான் போடணும்."

டேனியல் அளவு டேப்பை எடுத்து இழுத்தார்.

"எத்தினி அடி சார்?"